பதினைந்தா, பதினேழா

கோயமுத்தூரில் கார் வாங்கினவனிடம் முதலில் மைலேஜ் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "அலாய் எப்பங்க மாத்தறீங்க?" வண்டியோடு வந்ததும் அலாய்தானே என்றால், "அது கம்பெனி அலாய்ங்க" என்று இழுப்பார்கள். பெயிண்டிலிருந்து வைப்பர் வரைக்கும் எல்லாம் கம்பெனி ஐட்டமாகத்தான் இருக்கவேண்டும் என்று அடம்பிடிக்கிற அதே ஆட்கள், சக்கரம் மட்டும் கம்பெனியாக இருந்தால் முகம் சுளிப்பார்கள்.

நான் 2014இல் வாங்கியது ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 குதிரைத்திறன், 175 நியூட்டன்மீட்டர் இழுவை, இரட்டை கிளட்ச் வைத்த ஏழு கியர் பெட்டி. ஜெர்மனியில் இதை யாரும் வேக ரகத்தில் சேர்க்கமாட்டார்கள். சிறிய கார் என்றாலே மைலேஜ் வண்டி என்றிருந்த நம் ஊரில் அன்றைக்கு அது ஒரு சின்னப் பிசாசு. மழை நாளில் சிங்காநல்லூர் சிக்னலில் பச்சை விழுந்து, காலைக் கொஞ்சம் அவசரமாக அழுத்தினால் முன்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றும். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுக்கும். பின்னால் நிற்கிற டவுன்பஸ் டிரைவர் ஹாரன் அடிப்பார். எஞ்சின் கொடுப்பதைத் தரையில் இறக்க அந்த டயருக்குத் தெம்பில்லை என்பது ஓட்டத் தொடங்கிய முதல் மழைக்காலத்திலேயே புரிந்துவிட்டது.

கம்பெனி போட்டுக் கொடுத்தது 185/60 ஆர்15. டயரின் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 சதவீதம், ரிம் 15 அங்குலம். கூட்டிக் கணக்குப் போட்டால் தரையிலிருந்து உச்சி வரை 603 மில்லிமீட்டர் வரும். இந்த 603ஐ நான் பல மாதம் பர்ஸில் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருந்தேன். எந்த ரிம், எந்த டயர் மாற்றினாலும் மொத்த உயரம் இதைச் சுற்றியே நிற்கவேண்டும். அதிகம் விலகினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், கியர் கணக்கு மாறும், மட்கார்டில் உரசும். 17 அங்குல ரிம்முக்குப் போகிறவர்கள் 215/40 டயர் போட்டால் 604க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கணக்கு அழகாக ஒத்துப்போகிறது. அதில்தான் எல்லாரும் விழுகிறார்கள். மொத்த உயரம் அதேதான்; ஆனால் 111 மில்லிமீட்டராக இருந்த ரப்பர்ச் சுவர் 86ஆகச் சுருங்கிவிடுகிறது. அந்த 25 மில்லிமீட்டர் எங்கே போனது என்று பல்லடம் ரோட்டில் ஒரு குழி சொல்லிக் கொடுக்கும்.

என் பிழைப்பு வார்ப்படம். குறிச்சி சிட்கோவில் ஒரு அலுமினிய ஃபவுண்டரியில் வேலை. அதனால் ரிம் கடைக்குள் நுழைந்தால் மற்றவர்கள் டிசைனைப் பார்ப்பார்கள், நான் திருப்பிப் போட்டு முதுகைப் பார்ப்பேன். கம்பிக்கால் ஹப்போடு சேருகிற இடத்தில் வளைவு தாராளமாக இருக்கிறதா, கூர்மையாக வெட்டி விட்டிருக்கிறார்களா. வெள்ளைப் பெயிண்டுக்கு அடியில் ஊசிக்குத்து மாதிரி புளோஹோல் தெரிகிறதா. உலகத்தில் பெரும்பாலான அலாய் சக்கரங்கள் ஏ356 என்ற கலவையில்தான் வார்க்கப்படுகின்றன: அலுமினியம், 7 சதவீதம் போல சிலிக்கான், துளி மக்னீசியம். கலவை எல்லாருக்கும் ஒன்றுதான். உருகிய உலோகத்தை அச்சுக்குள் வெறுமனே ஊற்றினார்களா, அடியிலிருந்து அழுத்தம் கொடுத்து ஏற்றினார்களா, வார்த்த பிறகு உலையில் வைத்துச் சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்தி மறுபடி பதமான சூட்டில் வைத்தார்களா, ஒவ்வொன்றையும் எக்ஸ்ரேயில் பார்த்தார்களா என்பதில்தான் விலையும் உயிரும் இருக்கிறது. கடையில் பில் போடுகிற பையனுக்கு இது எதுவும் தெரியாது. அவனிடம் கேட்டால் "மாடல் புதுசுங்கண்ணா" என்பான்.

ஜப்பானில் ரேய்ஸ் என்ற நிறுவனம் 1996இலிருந்து செய்துவருகிற டி.இ.37 என்ற ஆறுகால் சக்கரம் இந்த உலகத்தில் கோயில் சிலை போல. அதில் வரும் 37, 15 அங்குல ரிம் ஒன்றின் எடை 3.7 கிலோ என்பதைக் குறிக்கிறது. வார்த்தது இல்லை, அடித்து உருவாக்கியது. அந்த ஆறு காலை அப்படியே நகலெடுத்த வார்ப்புச் சக்கரங்கள் நம் ஊர்க் கடைகளில் வரிசையாகத் தொங்கும், வெண்கல நிறம் உட்பட. ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் தோள்பட்டைக்கே தெரிந்துவிடும், பேரன் தாத்தாவைவிட இரண்டு மடங்கு கனம் என்று.

என் சித்தப்பா பையன் வென்டோ வைத்திருந்தான். போலோவுக்கும் வென்டோவுக்கும் போல்ட் வட்டம் ஒன்றுதான், ஐந்து போல்ட், 100 மில்லிமீட்டர். நடுத் துளை 57.1. அவன் சென்னைக்குப் போனபோது புதுப்பேட்டையில் சுற்றி, பேரம் பேசி, 17 அங்குல செட் ஒன்றை டயரோடு இறக்கிக்கொண்டு வந்தான். வண்டி அழகாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. மட்கார்டு வளைவை ரிம் நிறைத்து நின்றபோது குடும்பமே வெளியே வந்து பார்த்தது. "அண்ணா, உங்க வண்டியில ஒரு ஞாயித்துக்கிழமை மாட்டிப் பாருங்க. அப்புறம் நீங்களே கழட்ட மாட்டீங்க" என்றான்.

மாட்டுவதற்கு முன்னால் எடைபோட வேண்டும் என்றேன். ஃபவுண்டரி எடைமேடையில் இரண்டையும் டயரோடு வைத்தோம். என்னுடையது 16 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அவனுடையது 20ஐத் தாண்டியது. ஒரு சக்கரத்துக்கு நான்கு கிலோ. "நாலு கிலோதானுங்கண்ணா, பின் சீட்டுல ஒரு குழந்தை உக்காந்தா வராதா?" என்று கேட்டான். பின் சீட்டில் உட்காருகிற குழந்தையை ஸ்பிரிங் சுமக்கிறது. சக்கரத்தின் எடையை எதுவும் சுமப்பதில்லை. ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் ஷாக் அப்சார்பர்தான் அதைப் பிடித்து நிறுத்தித் தரைக்குத் திருப்பியனுப்ப வேண்டும். போதாததற்கு அது சுழல்கிற எடை. கிளப்பும்போது எஞ்சின் அதைச் சுற்றிவிட வேண்டும், நிறுத்தும்போது பிரேக் அதை அடக்க வேண்டும். அதிலும் கனம் ஓரத்தில் இருந்தால் வேலை இன்னும் கூடும். பெரிய ரிம்மில் கனம் இருப்பது ஓரத்தில்தான்.

இன்னொரு சங்கதி அகலமும் ஆஃப்செட்டும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது என்பது). கம்பெனி ரிம் 6 அங்குல அகலம், ஆஃப்செட் 40. அவன் வாங்கிய ரிம் ஏழரை அங்குலம், ஆஃப்செட் 35. தாளில் போட்டுப் பார்த்தால் ரிம்மின் வெளி விளிம்பு 24 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கிறது, உள் விளிம்பு 14 மில்லிமீட்டர் ஷாக் அப்சார்பர் பக்கம் நெருங்குகிறது. அவன் வண்டியில் பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் 'சர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அது என்ன சத்தம் என்று அவன் வீட்டில் யாரும் கேட்டதில்லை, பாட்டுச் சத்தம் அவ்வளவு.

போல்ட் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்லாத கடைகள்தான் அதிகம். ஃபோக்ஸ்வேகனின் சொந்த ரிம்மில் போல்ட் உட்காருகிற குழி உருண்டை வடிவம். வெளியில் விற்கிற ரிம்களில் பெரும்பாலும் அது கூம்பு வடிவம். இரண்டு போல்ட்டும் ஒரே மரை, ஒரே தடிமன், இரண்டும் இரண்டிலும் ஏறும், ஸ்பேனருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கூம்பு போல்ட்டை உருண்டைக் குழியில் முறுக்கினால் அது ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும்தான் தொட்டுக்கொண்டு நிற்கும். ஓட ஓடத் தளரும். நாங்கள் அன்றைக்கு உருண்டைத் தலைகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் தொட்டு வைத்து, கூம்புகளைத் தனி டப்பாவில் போட்டோம். 120 நியூட்டன்மீட்டருக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கியதை, தெருவில் போன பங்க்சர் கடைக்காரர் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "கால்ல ஏறி ஒரு மிதி மிதிச்சா ஆச்சுங்களே" என்றார்.

ஞாயிறு விடியும் முன் அவனுடைய 17 அங்குல செட்டோடு ஆழியார் தாண்டி வால்பாறை ஏறினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு, டயருக்கு இதைவிட நல்ல பரீட்சைக் கூடம் நம் பக்கத்தில் கிடையாது. முதல் சில வளைவில் அவன் சொன்னது சரிதான் என்று பட்டது. ஸ்டீயரிங்கைத் தொட்டால் மூக்கு உடனே திரும்பியது. உயரமான ரப்பர்ச் சுவர் முதலில் நெளிந்து, பிறகு வண்டியை இழுப்பது வழக்கம்; இங்கே அந்த நெளிவே இல்லை. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயின்டில் வண்டியை நிறுத்தி டீ குடித்தபோது மனசு கொஞ்சம் சபலப்பட்டது என்பது உண்மை.

ஆட்டக்கட்டி நெருங்கும்போது தார் ஒட்டுப்போட்ட பகுதி வந்தது. மழையில் அரித்து, கல் எழும்பி, மேலே ஒரு பூச்சுப் பூசிய ரோடு. வளைவின் நடுவில் அந்த ஒட்டில் ஏறியதும் முன்சக்கரம் தரையை விட்டுத் துள்ளியது. துள்ளுகிற டயருக்கு அகலம் இருந்து என்ன, இல்லாமல் என்ன? பிடி விட்டுப் பிடி, விட்டுப் பிடி என்று வண்டி கோட்டை விட்டு வெளியே நழுவியது. அந்த மலையில் வளைவுச் சுவர்மேல் வரையாடு நிற்கும். சில சமயம் ரோட்டிலேயே நிற்கும். பிரேக் எப்போது தேவைப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ரோடு அது. அதே பகுதியை அடுத்த வாரம் என் 15 அங்குல ரிம்மில் போனேன். டயர் சுமார்தான், ஆனால் துள்ளவில்லை. குழைந்து, ஒட்டிக்கொண்டு போனது. சபலம் அங்கேயே இறங்கிவிட்டது.

தம்பியின் ரிம் அந்தத் தீபாவளிக்கு முன்பே பல்லடம் ரோட்டில் ஒரு குழியில் விழுந்து உள்விளிம்பு வளைந்தது. ரிப்பேர் கடையில் காஸ் டார்ச்சால் சூடுகாட்டி, கொட்டி நிமிர்த்தி, பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். பார்க்க ஒரு குறையும் இல்லை. உலையில் மணிக்கணக்காக வைத்துப் பதம் ஏற்றிய அலுமினியத்தில் டார்ச் பட்டால் அந்த இடத்தில் பதம் செத்துவிடும். நிமிர்ந்த ரிம் வேறு, பழைய ரிம் வேறு. அதைப் பின்பக்கம் போடு என்று மட்டும் சொன்னேன். முன்னால்தான் பிரேக்கும் வளைவும் முழுக்க விழுகிறது.

பிறகு நான் தேடியது எல்லாரும் கழற்றிப் போடுவதைத்தான். 17க்கு மாறுகிறவர்கள் தங்கள் கம்பெனி அலாய்களை என்ன செய்கிறார்கள்? மொட்டைமாடியில் போடுவார்கள், அல்லது கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுவார்கள். வார்ப்படக்காரன் கண்ணுக்கு அந்த விலையில் அதைவிட நல்ல வார்ப்பு கிடையாது. கார் கம்பெனி ஒரு ரிம்மை வண்டியில் மாட்டுவதற்கு முன் வளைத்து, இடித்து, லட்சக்கணக்கான சுற்று சுற்றிச் சோதிக்கிறது; ரிம் உடைந்தால் வழக்கு அதன் தலையில் விழும் என்பதால். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு டயர் கடையின் பின்கட்டில் போலோ ரிம் ஒரு செட், இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாதது, தூசி படிந்து கிடந்தது. விலையைச் சொல்லாமல் விடுகிறேன். கேட்டால் இப்போதும் அந்தக் கடைக்காரர் மனசு நோகும். ஆக, என்னிடம் 15 அங்குலத்தில் இரண்டு செட். ஒன்று வீட்டுக்கும் மலைக்கும், இன்னொன்று செட்டிபாளையம் டிராக்குக்கு.

இனி ரப்பர். கடைக்காரர் அறுபது தாண்டியவர், மூன்று தலைமுறை டயர் பார்த்தவர்.

"அம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும் தம்பி, இதைப் போடுங்க."

"மழையில எப்படிங்கண்ணா நிக்கும்?"

"அம்பதாயிரம் ஓடுமுங்க."

"பிரேக் அடிச்சா?"

"தம்பி, எல்லாரும் எத்தனை கிலோமீட்டர்னு கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் நிக்கறதப் பத்திக் கேக்கறீங்க. நிக்கோணும்னா சீக்கிரம் தேயோணும். சம்மதமுங்களா?"

நாற்பது வருட அனுபவத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார். மென்மையான ரப்பர் பிடிக்கும், தேயும். கெட்டி ரப்பர் ஓடும், வழுக்கும். சில டயர்களின் பக்கச்சுவரில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். கூடினால் ஆயுள், குறைந்தால் பிடி, தோராயமாக. ஆனால் அந்த எண்ணை அந்தந்தக் கம்பெனியே சோதித்துப் போடுகிறது, ஒரு கம்பெனியின் 300ஐ இன்னொன்றின் 300ஓடு ஒப்பிட முடியாது. வெளிநாட்டு டிராக் ஆட்கள் பேசுகிற 200 ரகம் நான் தேடிய காலத்தில் என் அளவில் கோவைக் கடைகளில் கிடைக்கவில்லை. கிடைத்ததில் மென்மையானது எது என்று நகத்தால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். கடைக்காரர் அதைத் தக்காளி வாங்குகிற மாதிரி என்று கேலி செய்தார்.

அகலம் பற்றி ஒரு கணக்கு. வண்டி 1,100 கிலோ சொச்சம் என்றால் ஒரு சக்கரத்துக்கு 275 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 32 பி.எஸ்.ஐ. காற்று அதைத் தாங்கவேண்டுமானால் தரையைத் தொடும் ரப்பர் 120 சதுர சென்டிமீட்டர் சுமார் வேண்டும். உள்ளங்கை அளவு. அகல டயர் போட்டாலும் காற்று அதே என்றால் பரப்பளவு பெரிதாகக் கூடுவதில்லை. வடிவம்தான் மாறும், நீளம் குறைந்து அகலம் கூடும். வளைவில் அந்த வடிவம் உதவுகிறது, தேங்கிய மழைநீரில் அதே வடிவம் எதிராகிறது. அதனால் 215, 225 என்று பறப்பதில் எனக்கு ஆசை வரவில்லை. வீட்டு செட்டுக்கு 195/60 ஆர்15. உயரம் 615, கம்பெனியைவிட 2 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் ஏற்கெனவே கூட்டிக் காட்டுவதால் அது கணக்கில் கரைந்துவிடும். வண்டி 6 மில்லிமீட்டர் எழும்பியது, குழிகளுக்கு நல்லது. டிராக் செட்டுக்கு 195/55. உயரம் 595.5, பக்கச்சுவர் 107. கியர் துளி குட்டையாகும், நெளிவு குறையும். இரண்டும் 6 அங்குல ரிம்மில் சங்கடமில்லாமல் உட்காரும், சுமை எண்ணும் கம்பெனி டயரின் 84க்குக் கீழே இறங்கவில்லை. 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும்.

செட்டிபாளையம் கரி ஸ்பீடுவே 2003இல் வந்தது. 1995இல் சிறு விமான விபத்தில் இறந்த பந்தயக்காரர் எஸ். கரிவர்தன் பெயர் வைத்த டிராக், இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தார் சூடேறும் மே மாதத்தில் அங்கே ஓட்டினால் டயர் பற்றிப் புத்தகத்தில் படிக்காதது எல்லாம் தெரியவரும். காலையில் 30 பி.எஸ்.ஐ. வைத்து இறங்கினால் சில சுற்றிலேயே 36ஐத் தொடும். ஐந்தாறு டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ. என்று ஏறிக்கொண்டே போகும். நைட்ரஜன் போட்டால் ஏறாது என்று சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே? காய்ந்த காற்றாக இருந்தால் போதும். அங்கே ஒரு பழைய மெக்கானிக் அண்ணன் எனக்குச் சாக்பீஸ் வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். டயரின் தோளில், ட்ரெட் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில் குறுக்கே கோடு போட வேண்டும். நான்கு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் சாக்பீஸ் எதுவரை அழிந்திருக்கிறதோ, அதுவரை டயர் கவிழ்ந்திருக்கிறது. பக்கச்சுவரில் இறங்கி அழிந்திருந்தால் காற்றைக் கூட்டு. ட்ரெட் ஓரத்திலேயே கோடு மிச்சமிருந்தால் குறை. மானிகூட வேண்டாம். முன்னால் 35, பின்னால் 37 என்று சூடான நிலையில் என் வண்டி நிலைத்தது. பின்பக்கம் கூட்டியதால் வண்டியின் பின்பகுதி கொஞ்சம் இளகி, முன்பக்கம் வளைவுக்குள் நுழைய ஆரம்பித்தது. அலாய்க்குச் செலவழிக்காத பணத்தில் நல்ல பிரேக் பேடு வந்தது.

அந்த ஷெட்டில் உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் 2005 இண்டியானாபொலிஸ் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குப் போய்விடும். எங்கள் ஊர்க்காரர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டன் அணியில் ஓட்டிய வருடம். மிஷலின் டயர் போட்ட கார்களின் பின் இடது டயர், சாய்வான பதின்மூன்றாம் வளைவின் அழுத்தத்தைத் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே ரால்ஃப் ஷூமாக்கர் அங்கே சுவரில் மோதினார். அந்த ஆண்டு விதிப்படி பந்தயத்தில் டயர் மாற்றக் கூடாது. ஞாயிறன்று முன்னோட்டச் சுற்று முடிந்ததும் மிஷலின் கார்கள் பதினான்கும் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு மட்டும் ஓடின. நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி வாங்கினார். ஷெட்டில் ஒரு கட்சி அதை அதிர்ஷ்டம் என்னும். நான் இன்னொரு கட்சி. அந்த வளைவைத் தாங்குகிற டயரோடு வந்ததும் பந்தயத்தில் சேர்த்தி.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பெனி பதிவு செய்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொன்ன பிறகு, மட்கார்டுக்கு வெளியே பிதுங்கும் சக்கரத்தோடு வாளையாறு தாண்டிக் கேரளாவுக்குள் போக எங்கள் ஆட்கள் தயங்குகிறார்கள். தம்பி கொச்சிக்குக் கல்யாணத்துக்குப் போனபோது ராத்திரியோடு ராத்திரியாக என் வீட்டு செட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போனான். சிவப்புத் தலை போல்ட்டையும் மறக்காமல் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தவன், "வண்டி என்னமோ லேசா ஓடுதுங்கண்ணா" என்றான். செட்டைத் திருப்பித் தர ஒரு மாதம் ஆக்கினான்.

போலோ 2022இல் இந்தியாவில் நின்றுவிட்டது. என்னுடையது இன்னும் ஓடுகிறது. டிராக் செட்டின் ரப்பர் தேய்வதற்கு முன் கெட்டியாகிவிட்டது. டிராக்குக்குப் போவதும் குறைந்துவிட்டது. போன மாதம் அதே கடைக்குப் போனேன். பெரியவரின் மகன் உட்கார்ந்திருந்தார். 195/55 ஒரு செட் இருக்கிறது, தள்ளுபடி போட்டுத் தருகிறேன் என்று எடுத்து வைத்தார். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடினேன், முதல் இரண்டு வாரம், பின்னிரண்டு வருடம். மூன்று டயரில் ஒரே தேதி, நான்காவது அதைவிட மூன்று வருடம் மூத்தது. "நாலும் ஒரே கம்பெனிதானுங்க" என்றார். நாலாவதை மட்டும் புதிதாக வரவழைத்துக் கொடுங்கள், வந்ததும் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இன்னும் போன் வரவில்லை.